போரொழிந்த நாட்டில் அமைதி நாட்டல்

போர் ஓய்தல் ஒன்று; அமைதி நிலைத்தல் மற்றொன்று. வெடியோசை அடங்கிய அன்றே அமைதி பிறந்துவிட்டதெனக் கருதுவார் பலர். ஆயின், உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட தலைவர்கள் கலைந்து சென்றபின் எஞ்சி நிற்பன யாவை? படைக்கலம் ஏந்திய இளைஞர், மிதிவெடி விதைக்கப்பட்ட வயல்கள், அயல்நாட்டு முகாம்களிலே அகதிகள், ஒன்றையொன்று நம்பாத இரு கட்சிகள், இவையே. இவற்றுள் எதனை முன்னர்ச் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்னும் முறைமையிலே ஒரு நாட்டின் எதிர்காலம் தங்கியுள்ளது. இதனை விளக்குதற்கு ஆபிரிக்காக் கண்டத்து அங்கோலா, மொசாம்பிக் என்னும் இரு நாடுகளையும் ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

இவ்விரு நாடுகளும் போர்த்துக்கேயர் ஆட்சியினின்றும் 1975ஆம் ஆண்டில் விடுதலை பெற்றவை. விடுதலையை அடுத்து இரண்டுமே உள்நாட்டுப் போரில் வீழ்ந்தன. பிறநாடுகள் அத்தீக்கு நெய் வார்த்தன. அங்கோலாவில் 1991ஆம் ஆண்டில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதனை மேற்பார்வை செய்ய ஐக்கிய நாடுகள் தாபனம் அனுப்பிய படைத்துறைப் பார்வையாளர் ஏறக்குறைய 350 பேரே. பரந்த அந்நாட்டில் அவர்கள் நடப்பதைக் கண்டு எழுத வல்லரேயன்றி, நடக்க வேண்டியதை நடத்த வல்லரல்லர். இரு தரத்துப் படைகளும் முற்றாகக் கலைக்கப்படுமுன்னரே, 1992 செப்டெம்பர் 29, 30ஆந் தேதிகளில் தேர்தல் நடைபெற்றது. பின்தங்கிய யோனாஸ் சவிம்பி முடிவை ஏற்க மறுத்தார். அவருடைய படை கலையாதிருந்தமையால், மறுத்த வாய்க்குத் துணையாகத் துப்பாக்கி எழுந்தது. இடையிடையே ஓய்ந்தும் எரிந்தும் சென்ற அப்போர், 2002ஆம் ஆண்டிற் சவிம்பி கொல்லப்பட்ட பின்னரே முடிந்தது.

மொசாம்பிக்கிலே பிரெலிமோ அரசுக்கும் ரெனாமோ இயக்கத்துக்கும் இடையே 1977ஆம் ஆண்டு தொடங்கிய போர் ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிர்களைக் கொள்ளைகொண்டது. மலாவி முதலிய அயல்நாடுகளுக்கு ஓடியோர் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கத்தோலிக்கப் பொதுநிலையினரின் அமைப்பான சந்த் எஜிடியோ முதலானோர் இரண்டாண்டுக்கு மேலாக நடுநின்று முயன்றதன் பயனாக, 1992 ஒக்டோபர் 4ஆந் தேதி உரோமாபுரியிலே உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அங்கோலாவில் வாக்களிப்பு முடிந்து அப்போது நான்கு நாட்களே கழிந்திருந்தன. அடுத்த சில வாரங்களில் ஆங்கு மீண்டும் மூண்ட போரை உலகம் கண்டது. கண்டதோடமையாது கற்றும் கொண்டது.

இம்முறை ஐக்கிய நாடுகள் தாபனம் 6,500 பேர் வரையில் படைவீரரை அனுப்பியது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் இத்தாலியரான அல்டோ அயெல்லோ. 1993ஆம் ஆண்டிலே நடைபெற வேண்டிய தேர்தல் ஓராண்டு பிற்போடப்பட்டது. படை கலைந்த பின்னரே வாக்குப் பெட்டி என்பதே புதிய முறைமை. இரு தரத்துப் போர்வீரரும் 49 கூடுமிடங்களுக்கு அழைக்கப்பட்டுப் பதிவுசெய்யப்பட்டனர். புதிய பொதுப் படைக்கு 30,000 பேர் எனத் திட்டமிட்டிருந்தும், அதிற் சேர முன்வந்தோர் ஏறக்குறைய 12,000 பேரே. ஏனையோர் வீடு திரும்பவே விரும்பினர். போரிலே சலித்தவர் முதலிற் போர்வீரரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், தொழில் அறியாதவன் வெறுங்கையோடு வீடு திரும்பின் எத்தனை நாள் அமைதியாயிருப்பான்? ஆதலின் இரண்டாண்டு காலத்துக்கு அவர்களுக்கு உதவிப்பணம் வழங்கப்பட்டது. அதனைத் தாம் குடியேறிய இடத்திலேயே பெறலாம் என்பதால், அவர்கள் ஊரோடு ஒட்டி வாழ வழி பிறந்தது. பல கிராமங்களிலே முதியோரும் நாட்டு வைத்தியரும் திரும்பிவந்தோருக்குத் தூய்மைச் சடங்கு செய்து, அவர்களை மீண்டும் தம்முள் ஒருவராக ஏற்றனர். பணத்தால் ஆகாத காரியம் இது.

காட்டிலே வாழ்ந்த ரெனாமோ அரசியற் கட்சியாக மாறுதற்கும் தனி நிதியொன்று அமைக்கப்பட்டது. அதனைக் கையூட்டு எனப் பழித்தாரும் உளர். ஆயின், போர்ச் செலவோடு ஒப்பிடின் அது சிறு தொகையே. 1994 ஒக்டோபரிலே தேர்தல் வந்தது. அதற்கு முந்திய நாள் ரெனாமோத் தலைவர் அபொன்சோ தலக்காமா விலகுவதாக அறிவித்தார். பலரும் வற்புறுத்தவே மீண்டும் இணங்கினார். தோல்வியுற்றும் அவர் போருக்குத் திரும்பவில்லை. யோவாக்கிம் சிசானோ சனாதிபதியாகத் தெரிவானார். 250 ஆசனங்களைக் கொண்ட மன்றத்தில் ரெனாமோவுக்கு 112 ஆசனங்கள் கிடைத்தன. மிதிவெடிகள் முற்றாக அகற்றப்பட்டன என்னும் அறிவித்தலோ 2015ஆம் ஆண்டிலேதான் வந்தது. வெடியைப் புதைக்க ஒரு நாழிகை போதும். அகற்ற ஒரு தலைமுறை வேண்டும்.

இவ்வெற்றியைக் குறையற்றதெனக் கூறுதல் பொருந்தாது. படைக்கலங்கள் பல மறைவிடங்களிலே எஞ்சின. மாகாண ஆளுநர் அனைவரையும் சனாதிபதியே நியமித்தமையால், ரெனாமோ மிகுந்த வாக்குப் பெற்ற மாகாணங்களையும் பிரெலிமோவினரே ஆண்டனர். அம்மனக்குறை வளர்ந்து 2013ஆம் ஆண்டிலே மீண்டும் மோதலாயிற்று. 2019ஆம் ஆண்டிற் புதிய உடன்படிக்கை எழுந்தது. ஆளுநரைத் தேர்தல்வழித் தெரியும் முறையும் வந்தது. ரெனாமோவின் இறுதிப் படைமுகாம் 2023 யூனிலேயே மூடப்பட்டது. வடகோடியிலுள்ள காபோ தெல்காடோ மாகாணத்திலோ 2017ஆம் ஆண்டில் வேறொரு கலகம் தோன்றியது.

இவற்றால் நாம் அறிவது யாது? அயலார் படை காவல் நிற்கலாம். காலமும் பொருளும் தரலாம். நாட்டைக் கட்டுவோர் நாட்டவரே. தோற்றவனுக்கும் வாழ இடமும், பேச மன்றமும், ஆட்சியிற் பங்கும் உண்டென்னும் உறுதி இல்லாதவிடத்துத் தேர்தலும் போரின் மறுவடிவமே ஆகும். போரின் வடுவை அறிந்த மண்ணிலே வாழும் நமக்கு இவ்வுண்மை ஏட்டுக் கல்வி மட்டுமன்று. நாளைய ஆட்சியாளரும் ஆசிரியரும் ஆகவிருக்கும் மாணவர்கள், வென்றவர் யார் என வினவுவதோடு நில்லாது, வென்றபின் அவர் என் செய்தார் எனவும் வரலாற்றை வினவப் பழகுவாராக.