கேண்டர்: வெள்ளை மனத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்

புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் கல்யாணம் என்றால் மண்டபம், சமையல், மேளம் என்ற பட்டியலோடு இப்போது இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்கிறது. “படம் எடுப்பவர் கேண்டிட் எடுப்பாரா?” என்று கேட்கிறார்கள். வரிசையாக நின்று சிரிப்பது ஒரு வகைப் படம். தாலி ஏறும் நேரத்தில் பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதை அவருக்கே தெரியாமல் எடுப்பது மற்றொரு வகை. இரண்டாவதைத்தான் கேண்டிட் என்கிறோம்.

அதே வட்டாரத்தில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குப் போகும் இடத்தில் மேலாளர், “என் திட்டத்தைப் பற்றி கேண்டிட்டாகச் சொல்லுங்கள்” என்றால் தயங்கிவிடுகிறார்கள். குறை சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். சொல்லாமல் விட்டால் விவரம் போதாது என்று நினைப்பாரோ என்ற கவலை. ஒரே சொல், கல்யாண வீட்டில் இனிக்கிறது, அலுவலகத்தில் மிரட்டுகிறது.

கேண்டிட் என்பது பெயரடை. அதன் பெயர்ச்சொல்தான் கேண்டர். மலேசியப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் பிரிட்டிஷ் முறையில் இதன் கடைசி எழுத்துக்கு முன்னால் ‘யு’ வரும். அமெரிக்கர் அதை விட்டுவிடுவார்கள். ஒளிவுமறைவு இல்லாமல், உள்ளதை உள்ளபடி, மனம் திறந்து பேசும் குணம் என்பது இதன் பொருள். ‘டு பி கேண்டிட்’ என்று ஒருவர் வாக்கியத்தைத் தொடங்கினால், அடுத்து வருவது காதுக்கு அவ்வளவு இனிமையாக இருக்காது என்று எதிர்பார்க்கலாம்.

இதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ‘கேண்டிடுஸ்’ என்றால் பளிச்சென்ற வெண்மை. பழைய ரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிடுவோர் சுண்ணப்பொடி தேய்த்து வெளுத்த மேலாடையை உடுத்தி மக்களிடம் ஆதரவு கேட்டு வருவார்கள். வேட்பாளரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற சொல் அந்த வெள்ளை ஆடையிலிருந்து வந்ததே. (இன்றைய வேட்பாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!) மெழுகுவத்தியைக் குறிக்கும் ‘கேண்டில்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான்.

தமிழரும் அதே வழியில்தான் சிந்தித்திருக்கிறார்கள். சூது அறியாதவரை ‘வெள்ளை மனம் படைத்தவர்’ என்கிறோம். ‘வெள்ளந்தி’ என்று கிராமத்தில் சொல்வதும் அதுவே. லத்தீனும் தமிழும் ஒன்றையொன்று பாராமலேயே, கபடமற்ற நெஞ்சுக்கு வெண்மையைத் தேர்ந்துகொண்டன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம் உண்டு. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, கேண்டர் என்பதற்கு இனிய சுபாவம், மனத்தூய்மை, பரிவு என்றெல்லாம் பொருள் தருகிறது. அந்தக் காலத்தில் பிறரைப் பற்றி நல்லெண்ணத்தோடு பேசுவதே கேண்டர். மறைக்காமல் சொல்வது என்ற பொருள் பின்னர்தான் முன்னுக்கு வந்தது. பழைய பரிவு முழுவதும் போய்விடவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லை ‘பிளண்ட்’ என்ற சொல்லோடு குழப்பக் கூடாது. பிளண்ட் என்றால் மழுங்கல். கேட்பவர் மனம் நோகுமே என்று பாராமல் போட்டு உடைப்பது அது. “நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்” என்று பெருமைப்படுவோரில் பலர் இரண்டாம் வகையினர். மலாய்க்காரர் ‘தெருஸ் தெராங்’ என்பது கேண்டருக்கு மிக நெருங்கிய சொல்.

திருக்குறளின் 30-ஆம் அதிகாரமான வாய்மை, தீங்கில்லாத சொல்லைச் சொல்வதே வாய்மை என்று தொடங்குகிறது. ஆனால் அதே வள்ளுவர், நட்பு சிரித்து மகிழ்வதற்கு மட்டும் அல்ல, தவறும்போது இடித்துரைப்பதற்கு என்கிறார். இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவன் இல்லாமலேயே கெடுவான் என்றும் சொல்கிறார். இடித்துரைத்தல் என்ற சொல்லில் கேண்டரின் கடினமான பக்கம் முழுதாக அடங்கியிருக்கிறது.

நம் தோட்டங்களில் இந்தக் குணத்துக்கு வழியே இல்லாதிருந்த காலம் உண்டு. தொழிலாளி தன் குறையைக் கங்காணியிடம் சொல்வார். கங்காணி கிராணியிடம் சொல்வார். கிராணி வெள்ளைக்காரத் துரையிடம் ஆங்கிலத்தில் சொல்வார். ஒவ்வொரு படியிலும் சொல்பவருக்குத் தம் வேலை முக்கியம். கடைசியில் துரையின் காதுக்கு எட்டுவது வேறு விஷயமாக இருக்கும். மேலே இருப்பவரிடம் குறை சொல்லத் தயங்கும் பழக்கம் பேரப்பிள்ளைகள் வரை தொடர்வதில் வியப்பில்லை.

மறைப்பதால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்தது சான்று. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் மோசமாகப் பராமரிக்கப்பட்டது பற்றி விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ், 2013-இல் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 2014-இல் ‘டியூட்டி ஆஃப் கேண்டர்’ என்ற கடமை சட்டமானது. சிகிச்சையில் பெரிய தவறு நேர்ந்தால் மருத்துவமனையே நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ அதைச் சொல்லி, வருத்தமும் தெரிவிக்க வேண்டும். குணத்தைக் குறித்த சொல் சட்டத்தில் ஏறிவிட்டது.

மலாக்காவில் கேண்டருக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால் அது முன்ஷி அப்துல்லாதான். 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பம். சிறுவயதில் தந்தை அவரைத் தமிழ் படிக்க வைத்தார், ஏனெனில் அன்றைய மலாக்கா வணிகத்தில் தமிழுக்கு இடம் இருந்தது. 1838-இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கப்பலில் போய் வந்தவர், வழியில் பார்த்த ஊர்களின் அழுக்கு, அபின், சேவல் சண்டை, குடிமக்களை ஆட்சியாளர் நடத்திய விதம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதினார். அரசரைப் புகழ்ந்தே எழுதிப் பழகிய மலாய் மொழியில் அது புதிய குரல். 1849-இல் அச்சான ஹிக்காயாட் அப்துல்லா என்ற சுயசரிதையும் அப்படியே.

ஆனாலும் அவர்மேல் ஒரு குறை சொல்லப்படுகிறது. மலாய் மன்னர்களை இடித்துரைத்த அதே பேனா, தமக்கு வேலை கொடுத்த ஆங்கிலேயர்களிடம் மென்மையாகிவிட்டது என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் எழுதிய இடம் ஆங்கிலேயர் ஆண்ட சிங்கப்பூர். அங்கே மலாய் மன்னர்களின் கை அவர்மேல் எட்டாது. தமக்குச் சம்பளம் தந்தவர்களிடமும் அதே கேண்டரைக் காட்டியிருந்தால் அந்த நூல் எப்படி இருந்திருக்கும் என்று, மலாக்கா நகரில் அவர் பெயர் தாங்கிய ஜாலான் முன்ஷி அப்துல்லாவைக் கடக்கும்போது நினைத்துப் பார்க்கத் தோன்றும்.