புழக்கடையில் பத்து வாத்து: வணிகர்க்கு ஏற்ற உபதொழில்

மளிகைக் கடையோ தானிய மண்டியோ வைத்திருப்பவர் வீட்டில் தீவனத்துக்குப் பஞ்சமில்லை. மூட்டை பிரிக்கும்போது சிந்துவது, சல்லடையில் கழிவது, எலி கடித்த சாக்கிலிருந்து கொட்டுவது, விற்காமல் தங்கிய குருணை, தவிடு என்று நாள்தோறும் ஏதாவது சேருகிறது. இதைப் பெருக்கித் தெருவில் கொட்டுவதைவிட, வீட்டின் பின்னால் பத்து வாத்து வளர்த்தால் முட்டையாகத் திரும்பி வருமே என்று நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார வணிக அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். வரும். நாங்கள் வளர்த்துப் பார்த்தே சொல்கிறோம். ஆனால் ஒரு முறை நம் குடோன் தீவனமே நம் வாத்துக் குஞ்சுகளைக் கொன்றது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை எழுதிப் பயனில்லை.

முதலில் எந்த வாத்து என்பது. தமிழ்நாட்டு நாட்டு வாத்துகளில் சன்னியாசி, கீரி என்ற வகைகள் பெயர் பெற்றவை. அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் ஓட்டிச் செல்வார்களே, அவை பெரும்பாலும் இவைதான். அலைந்து மேய இடமிருந்தால் இவற்றுக்கு நிகரில்லை. கொல்லைக்குள் அடைத்து முட்டைக்காக வளர்ப்பதானால் காக்கி கேம்பல் நல்லது. இங்கிலாந்தில் கேம்பல் என்ற அம்மையார் சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் உருவாக்கிய இனம். நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 250 முதல் 300 முட்டை வரை இடும். நான்கு, நான்கரை மாதத்திலேயே முட்டைக்கு வந்துவிடும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழியின வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. வாத்து இனப்பெருக்கத்துக்குப் பெயர் பெற்ற இடம். எல்லை தாண்டினால் அருகில்தான் என்பது நமக்கு வாய்ப்பு. முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்திக் கல்லூரியிலும் ஆலோசனை கேட்கலாம். அந்த மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-ல் ஏற்பட்டது என்பது நம் ஊர்க்காரர் பலருக்கே தெரியாது.

குளம் வேண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேண்டாம். அலகும் மூக்குத் துவாரமும் முழுகும் அளவு ஆழமான தொட்டித் தண்ணீர் இருந்தால் போதும். ஆழமில்லாத தட்டில் வைத்தால் கண்ணும் மூக்கும் அடைத்துக்கொள்ளும். ஆற்றில் விட்டால் செலவில்லை என்று எண்ணித் தென்பெண்ணைப் பக்கம் ஓட்ட வேண்டாம். கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் எழும்புவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீரில் மேய்ந்த வாத்தின் முட்டையை நம் வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்போமா?

காலை ஒன்பது மணிக்குள் பெரும்பாலான வாத்துகள் முட்டையிட்டுவிடும். அதுவரை கொட்டகையைத் திறக்கக் கூடாது. முன்னதாகத் திறந்தால் வேலியோரத்தில் இட்டுவிட்டு வரும்; காகத்துக்கும் கீரிப்பிள்ளைக்கும்தான் லாபம்.

குஞ்சு பொரிக்க ஆறேழு பெட்டைக்கு ஓர் ஆண் இருந்தால் போதும். முட்டை மட்டும் போதுமென்றால் ஆணே தேவையில்லை. காக்கி கேம்பல் அடை காக்காது. நாட்டுக் கோழியை அடை வைக்க வேண்டும். கோழிக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். கோழி பொறுமையிழந்து எழுந்து போகாமல் இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வாத்து நனைந்த இறகோடு வந்து உட்காரும். கோழிக்கு அந்த ஈரம் இல்லை. எனவே கடைசி இரண்டு வாரம் முட்டைகள்மேல் லேசாக வெதுவெதுப்பான நீர் தெளிக்கிறோம். பொரித்த குஞ்சுகளுக்கு மூன்று வாரம் சூடு வேண்டும். ஓசூர்க் குளிரில் இதில் கவனக்குறைவு கூடாது. முட்டையை விற்பதைவிட, மூன்று நான்கு வாரம் வளர்த்துக் கண்டம் தாண்டிய குஞ்சாக விற்றால் கூடுதல் காசு.

இனி கணக்கு. முட்டையிடும் வாத்து ஒன்று நாளைக்குச் சுமார் 150 கிராம் தீனி தின்னும். பத்துப் பெட்டைக்கு ஒன்றரைக் கிலோ. மாதம் 45 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு மூட்டை. அதற்குப் பதில் 200 முட்டை கிடைக்கும் என்று வையுங்கள். இன்றைய தீவன விலையையும் முட்டை விலையையும் போட்டுப் பாருங்கள். முழுத் தீவனமும் காசு கொடுத்து வாங்கினால் மிச்சம் சொற்பம். கொட்டகை, மருந்து, சாவு கழித்தால் கையைக் கடிக்கும். பாதித் தீவனம் கடையிலிருந்தே வந்தால்தான் இது உபதொழில். தானியம் மட்டும் போட்டால் முட்டை குறையும். பிண்ணாக்கு, மீன் கழிவு, நத்தை, கீரை, கொஞ்சம் கிளிஞ்சல் தூளும் வேண்டும். சிப்காட் பகுதிகளில் வேலை செய்யும் வங்காள, அசாம், ஒடிசா மாநிலத்தவர் வாத்து முட்டையை விரும்பிக் கேட்கிறார்கள். நம்மவர்களோ மூலத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால்தான் வாங்குவார்கள். பத்து லாபம் தந்தால் ஆயிரம் பெரும் லாபம் தருமே என்று யாராவது ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்தால், 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு நின்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

குடோனில் நடந்ததைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் நம் குடோன் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகி, அட்டியின் ஓரத்தில் இருந்த இரண்டு மூட்டை கடலைப் பிண்ணாக்கு நனைந்துவிட்டது. கவனித்தபோது மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் புடைத்தோம். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு மூட்டையை மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு விலை குறைத்துக் கொடுத்தோம். மற்றதை இடித்து, பொரித்து இரண்டு வாரமான குஞ்சுகளுக்குப் போட்டோம். குஞ்சுகள் இருபது. மூன்றாம் நாள் இரை எடுக்கவில்லை, கால் இழுத்தது, தலையை முதுகுப் பக்கம் வளைத்துக்கொண்டு விழுந்தன. ஐந்தாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதே தீனியைப் பொறுக்கிய கோழிகளுக்கு ஒன்றும் ஆகாததால், யாரோ வேண்டாதவர் விஷம் வைத்துவிட்டார் என்றே வீட்டில் பேசினார்கள். கால்நடை மருத்துவர் ஒரு குஞ்சை அறுத்து ஈரலைக் காட்டினார். வெளுத்து வீங்கியிருந்தது. "பிண்ணாக்கு எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

அந்த விஷத்தின் பெயர் அஃப்ளடாக்சின். நிலக்கடலை, மக்காச்சோளம், கொப்பரை, பருத்திக்கொட்டை ஆகியவற்றில் வளரும் ஒரு பூசணம் உண்டாக்குவது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இனந்தெரியாத நோயில் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில்தான் காரணம் இருந்தது. எல்லாப் பறவைகளிலும் வாத்துக் குஞ்சு இதற்கு மிக எளிதில் பலியாகும். ஒரு நாள் குஞ்சுகளில் பாதியைக் கொல்ல, குஞ்சுக்கு ஒரு கிராமில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே போதும். அதனால்தான் விஞ்ஞானிகள் தீவனத்தில் விஷம் உண்டா என்று அறிய வாத்துக் குஞ்சுக்கே கொடுத்துச் சோதித்தார்கள். வெயிலில் காயவைத்தால் பூசணம் நிற்கும், விஷம் போகாது. வேகவைத்தாலும் போகாது. இது நமக்கு அன்று தெரியாது.

இது பறவையோடு நிற்பதுமில்லை. மாடு தின்றால் பாலில் இறங்கும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை மக்கள் நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள்.

மருத்துவர் போனதும் நாம் மாட்டுக்காரரிடம் ஓடினோம். பாதி மூட்டை தீர்ந்திருந்தது. கறவை இறங்கிவிட்டது என்றார். "மாடு மோந்து பாத்துட்டு விலகிப் போச்சுண்ணே, நான்தான் வெல்லத் தண்ணி தெளிச்சு வச்சேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து மிச்சத்தை எடுத்து வந்தோம். அவர் வாங்க மறுத்தார்; வற்புறுத்தித்தான் கொடுத்தோம்.

அன்றுமுதல் மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கட்டைமேல்தான் அடுக்குகிறோம். கூட்டியெடுத்த தானியத்தை அன்றே சலித்துப் போட்டுவிடுகிறோம். டின்னில் சேர்த்து வைப்பதில்லை. நிறம் மாறியது, கட்டி பிடித்தது, முடை நாற்றம் அடிப்பது எதுவானாலும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுகிறோம். பெரிய சரக்கில் சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்துத் தீவன ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

நோய்களில் வாத்துப் பிளேக் முக்கியம். எட்டு வாரத்துக்குமேல் தடுப்பூசி போட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பறவைக் காய்ச்சலில் வாத்து தான் படுக்காமலே கோழிக்குப் பரப்பக்கூடும். இரண்டையும் ஒரே கொட்டகையில் அடைக்கக் கூடாது. 2014-ல் கேரளத்துக் குட்டநாட்டில் லட்சக்கணக்கில் வாத்துகளை அழித்தார்கள். ஹெசரகட்டாப் பண்ணையிலேயே 2012 அக்டோபரில் இந்நோய் வந்து பறவைகளை அழிக்க நேர்ந்தது. குஞ்சு எங்கு வாங்கினாலும் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் சேருங்கள்.

இப்போது எங்களிடம் ஒன்பது பெட்டை, ஓர் ஆண். சிப்காட் பக்கம் மெஸ் நடத்தும் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து முட்டை எடுத்துப் போகிறார். குஞ்சு கேட்டு ஏழெட்டுப் பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். குளிர் விட்டு மாசியில் அடை வைப்பதாக இருக்கிறோம்.