முட்டிக்குள் நடக்கும் அவசரம்

காய்ச்சிய இடத்திலேயே பீர் ஊற்றித் தரும் சிறு மதுவகங்கள் பெங்களூரில் பெருகிவிட்டன. ஒருபக்கம் பளபளக்கும் கலன்கள், மறுபக்கம் மேசைகள். 'உள்ளூர்ச் சரக்கு, இன்றைக்கு வடித்தது' என்பதே அங்கே விளம்பரம். பழனிமலை அடிவாரத்துப் பாலசமுத்திரத்தின் தென்னந்தோப்புகளில் நின்று பார்த்தால் இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆலை மரத்தின் உச்சியில், கடை மரத்தடியில். ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ்நாட்டுக் கள்ளுக்கடை அப்படித்தான் நடந்தது. 1987 ஜனவரி 1 முதல் இங்கே கள்ளுக்குத் தடை.

பழனிமலை அடிவாரத்திலிருந்து உடுமலை, பொள்ளாச்சி என்று மேற்கே போய், மீனாட்சிபுரத்தில் எல்லை தாண்டினால் கேரளத்தின் சித்தூர் வட்டம். அதே தென்னை, அதே வெயில். கள்ளுக்கடை மட்டும் அங்கே சட்டப்படி நடக்கிறது, கப்பையும் மீன்கறியும் துணைக்கு.

கள் இறக்குவது மரத்தை ஏமாற்றும் வேலை. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, பதமாகத் தட்டி, நுனியைச் சீவுகிறார்கள். பூவையும் குரும்பையையும் வளர்க்க மரம் அனுப்பும் சர்க்கரைச் சாறு அந்தக் காயத்தின் வழியே முட்டியில் சொட்டுகிறது. காயம் ஆறி அடைபட்டுவிடக் கூடாது. அதனால் நாள் தவறாமல் சீவ வேண்டும். சாற்றில் சர்க்கரை 12 முதல் 15 சதவீதம் வரை இருக்கும்.

பீருக்கு எத்தனை பாடு! பார்லியை முளைகட்டி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் இட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கள்ளுக்கு இவை எதுவும் தேவையில்லை. சர்க்கரை தயாராகவே வருகிறது. கொதிக்கவைப்பதும் கிடையாது என்பதால் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் பழைய முட்டியின் அடிமண்டியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள், சாறு சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கள்ளின் பால் நிறமே, அதில் மிதக்கும் எண்ணற்ற ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும் தருவதுதான்.

அவற்றில் ஒன்று தனிக்கவனத்துக்கு உரியது: ஸைமோமோனாஸ் மொபிலிஸ். மெக்சிகோவில் கற்றாழை போன்ற அகேவ் செடியின் சாற்றைப் புளிக்கவைத்துக் குடிக்கும் 'புல்கே'யிலிருந்து 1920களில் ஜெர்மானியரான பால் லிண்ட்னர் இதைப் பிரித்தெடுத்தார். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைச் சிதைத்தால் ஈஸ்ட்டுக்கு இரண்டு ஏடிபி கிடைக்கும். ஏடிபிதான் செல்லின் ஆற்றல் நாணயம். இந்த பாக்டீரியாவுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. வரவு பாதி என்பதால் வேகத்தைக் கூட்டித்தான் பிழைக்க வேண்டும். சர்க்கரையை அசுர வேகத்தில் விழுங்கி, ஏறக்குறைய முழுவதையும் ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியே தள்ளிவிடுகிறது. பீர் ஆலைக்குள் இது புகுந்தால் அழுகிய ஆப்பிள் வாடை அடிக்கும். கள்ளிலோ ஈஸ்ட்டுக்குக் கூட்டாளி.

அதனால்தான் கள்ளுக்கு ஆயுள் குறைவு. காலையில் இறக்கியது இனிக்கும். மாலைக்குள் ஆல்கஹால் நான்கைந்து சதவீதத்தைத் தொட்டுவிடும். மறுநாள் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் கைவைக்க, வினிகர் வாடை தூக்கும். பாட்டிலில் அடைத்து இறுக மூடினால் உள்ளே சேரும் வாயு மூடியைத் தெறிக்கவிடும். சித்தூர்க் கள் தினமும் வண்டியேறி வேறு மாவட்டங்களுக்குப் போகிறது. வழிநெடுகப் புளித்துக்கொண்டேதான் போகிறது. கள்ளுக்கடை மரத்துக்குப் பக்கத்திலேயே முளைத்ததற்கு முதல் காரணம் வியாபாரத் தந்திரம் அல்ல, நுண்ணுயிரியல்.

இந்தச் சுவை மனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், போசூ என்ற இடத்தில், ராஃபியா பனையில் கட்டிய கலயங்களைச் சிம்பன்சிகள் தேடி வருகின்றன. இலையை மென்று பஞ்சுபோலாக்கி, கள்ளில் தோய்த்துப் பிழிந்து குடிக்கின்றன. 2015இல் வெளியான ஆய்வின்படி, அந்தக் கள்ளில் சராசரி ஆல்கஹால் 3.1 சதவீதம்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கதையே வேறு. காரத்தன்மை ஏறுவதால் நுண்ணுயிர்கள் பெருகுவது தடைபட்டு, பனஞ்சாறு பதநீராகிறது. கொங்குப் பக்கத்தில் தெளுவு. தமிழ்நாட்டில் அனுமதிக்கும் தடைக்கும் நடுவே நிற்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு! தென்னையிலிருந்து புளிக்காத 'நீரா' இறக்கவும் 2017இல் அரசு வழி திறந்தது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சுண்ணாம்பையும் விட்டுவிட்டது. பாளையோடு பொருத்திய பனிக்கட்டிப் பெட்டிக்குள் சாறு நேராக விழுகிறது. 'கல்பரசா' என்று பெயரிட்ட அந்தச் சாறு தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். குளிரிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தால், சில மணி நேரத்தில் அதுவும் வெளுத்து நுரைக்கத் தொடங்கும்.