இரும்புக் கட்டடம் ஆடினால் செலவு எவ்வளவு?

2001 ஜனவரி 26-ல் குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம் வந்தபோது, 200 கி.மீ.க்கு அப்பால் அகமதாபாத்தில்கூட கான்கிரீட் மாடிகள் விழுந்தன. "இரும்புத் தூண் வைத்துக் கட்டினால் விழாது" என்று சொல்வார்கள். பாதி சரி. இரும்பு வளையும், சட்டென்று நொறுங்காது. ஆனால் விழாத கட்டடத்துக்கும் செலவு இருக்கு!

1994 ஜனவரி 17 விடிகாலை, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம். இரும்புச் சட்டக் கட்டடங்கள் விழவில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் சுவரைப் பிரித்துப் பார்த்தால், உத்திரமும் தூணும் சேருகிற இடத்தில் வெல்டிங் விரிசல்! நூறு கட்டடங்களுக்கு மேல் இப்படி. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஜனவரி 17-ல், ஜப்பானில் கோபே நகரத்திலும் இதே கதை. அங்கே சில விழுந்தும்விட்டன.

என் மாமா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஷெட் வேலைக்கும் போவார். "மேலே பார்த்தா வழுவழுன்னுதான் இருக்கும் கண்ணு. உள்ளே பிடிக்கலைன்னா வண்டி ஓடுனாத்தான் தெரியும்" என்றார்.

அதனால் முதல் செலவே பார்ப்பதற்கு ஆகும் செலவு. கூரை அட்டையைக் கழற்றணும், தீ பிடிக்காமல் இருக்க இரும்பு மேல் அடித்த பூச்சைச் சுரண்டணும், கேளா ஒலிக் கருவி வைத்துச் சோதிக்கணும், மறுபடி எல்லாம் பூசணும்.

அடுத்து, ஒவ்வொரு மாடியும் எவ்வளவு ஆடியது என்று கணக்கிடுவார்கள். 3 மீட்டர் உயர மாடி 3 செ.மீ. ஆடினால் 1 சதவீதம். அந்த ஆட்டத்துக்குச் சுவர், கண்ணாடி, குழாய், லிஃப்ட் எது எது கெடும் என்று அட்டவணை இருக்கு. ஒவ்வொன்றின் ரிப்பேர் செலவையும் கூட்டணும். கட்டடத்தின் விலையில் இரும்புச் சட்டம் சின்னப் பங்குதானாம், மற்ற சாமான்தான் அதிகம். எனக்கே ஆச்சரியம்! 2012-ல் அமெரிக்காவில் வெளியிட்ட முறையில் ஒரே தொகை சொல்வதில்லை. "இவ்வளவுக்குள் முடிய இத்தனை வாய்ப்பு" என்பார்கள். நம் கணக்குப் புத்தகத்து நிகழ்தகவுதான்.

ஆடி முடிந்தும் கட்டடம் சாய்ந்தே நின்றால்? 0.5 சதவீதத்துக்கு மேல் போனால், சரி செய்வதைவிட இடித்துக் கட்டுவதே மலிவு என்று ஜப்பானில் கண்டிருக்கிறார்கள். 3 மீட்டருக்கு 1.5 செ.மீ., ஒரு சுண்டுவிரல் அகலம்!

நம்ம ஊருக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்காதீர்கள். 2002-ல் வந்த இந்தியத் தர நூலில் சேலம் மூன்றாம் மண்டலம். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர் பக்கம் சுமார் 6 அளவு நிலநடுக்கம் வந்திருக்கு. அப்போ இங்கே இரும்புக் கட்டடம் ஏது? இப்போ நூல் மில், தீவனக் குடோன், கல்யாண மண்டபம் என்று எங்கும் இரும்புத் தூண்தான். அந்த வெல்டிங்கை எல்லாம் கருவி வைத்துப் பார்ப்பீங்களா மாமா என்று கேட்டேன். "சுத்தியல்ல தட்டிப் பார்ப்போம் கண்ணு, அவ்வளவுதான்" என்றார்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி