உங்களுக்குத் தெரியுமா? ஒரே கோட்டில் ஒரு முகம்!

பிரெஞ்சுச் செதுக்கோவியர் கிளாட் மெல்லான் 1649இல் உருவாக்கிய இயேசுவின் முகத்தை எட்ட நின்று பார்த்தால் முள்முடி, தாடி, ரத்தத் துளிகள் எல்லாம் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: மூக்கு நுனியில் தொடங்கி, கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுற்றிச் சுற்றி ஓரம்வரை போகும் ஒரே கோடு. அவ்வளவுதான் படம்!

அப்படியானால் நிழல்? பியூரின் என்ற கூரிய எஃகு உளியைச் செப்புத் தகட்டில் சற்று அழுத்தினால் பள்ளம் அகலும், மை கூடுதலாகத் தங்கும், கோடு தடிக்கும். கையைத் தளர்த்தினால் மெலியும். வளைவுகளில் உளியைவிடத் தகட்டைத்தான் திருப்புவார்கள். அதற்கென்றே அடியில் மணல் அடைத்த தோல் மெத்தை. அச்சில் இடவலம் மாறும் என்பதால் எழுத்துகளைக்கூடத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். கை தவறினால் போச்சு: சுரண்டி, பின்பக்கம் தட்டிச் சமப்படுத்தி, மறுபடி மெருகேற்ற வேண்டும்.

மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாள் வைத்து உருளைகளுக்கிடையே நசுக்கினால் பள்ளத்து மை தாளில் ஏறிவிடும்.

மெல்லானின் காலத்தவரான ரொபேர் நாந்தேய், பதினான்காம் லூயி மன்னரையே நேரில் பார்த்து வரைந்து செதுக்கியவர். 1660இல் அந்த மன்னர் பிறப்பித்த ஆணை, செதுக்கோவியர்களைத் கைவினைஞர் சங்கக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்து, அவர்கள் வேலையைக் கலை என்றே ஏற்றது. கைத்திறமையைக் காட்டுவதில் மெல்லானை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முகத்தில் ஆளையே காட்டுவதில் என் ஓட்டு நாந்தேய்க்குத்தான்.