கடல் மறைத்த கப்பல்கள் – 11: என்ன பட்டை?

பேரணாம்பட்டில் அந்த டேனரிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று இருக்கும். குரோம் உப்பு புழங்காத இடம் அது. தரையில் இறக்கிக் கட்டிய தொட்டிகள் வரிசையாக இருந்தன; அவற்றில் கருஞ்சிவப்பாகப் பட்டைத் தண்ணீர். சிறுவயதிலிருந்து அந்தத் தொட்டிகளோடு வாழும் பாய், ஒரு தோலைக் கொக்கியால் இழுத்து மேலே போட்டார். கத்தியை எடுத்து, கழுத்துப் பக்கம் தடிப்பாக இருக்கும் இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. வெட்டுவாயை விரித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலும் கீழும் பழுப்பு. நடுவில் நூலிழை போல வெளிறிய ஒரு கோடு.

“கோடு தெரியுது பாருங்க தம்பி. பட்டை இன்னும் நடு வரைக்கும் இறங்கல. இப்ப எடுத்தா மேலுக்கு நல்லாத்தான் இருக்கும். நாலு மழை பாத்துச்சுன்னா உள்ளேர்ந்து கெட்டுப்போகும்.”

டீ வந்தது. இந்தத் தொடருக்காகப் படித்துக்கொண்டிருந்த கதை ஒன்றை அவரிடம் சொன்னேன். இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய ஒரு கப்பலில் இருந்த தோலை, ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து வெளியே எடுத்து ஷூ தைத்தார்கள் என்று. மூழ்கிய கப்பல் என்று நான் வாயெடுத்தாலே எல்லாரும் கேட்பது, ‘எத்தனை கோடி தேறியது?’ பாய் அதைக் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்ன பட்டை போட்டிருந்தாங்க?”

பத்து வாரமாக, பொன்னையும் வெள்ளியையும் தேடிப் போனவர்களின் பின்னாலேயே நாமும் போய்க்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் பாயின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவோம்.

பட்டியலில் இருந்தவை, கடலில் இல்லாதவை

சென்ற வாரம் பார்த்த ‘நுவெஸ்த்ரா செனோரா தே அட்டோச்சா’வை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1622 செப்டம்பர் 4-ல் ஹவானாவிலிருந்து புறப்பட்ட ஸ்பானியக் கப்பல். இரண்டே நாளில் புயலில் சிக்கி, ஃபுளோரிடாவின் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. இருந்த 265 பேரில் தப்பியவர்கள் 5 பேர். மெல் ஃபிஷர் அதை 16 ஆண்டுகள் தேடினார். 1975 ஜூலை 20-ல் அந்தத் தேடலிலேயே மகன் டர்க், மருமகள் ஏஞ்சல், இன்னொரு முக்குளிப்பவர் என மூன்று உயிர்களைப் பறிகொடுத்தார். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1985 ஜூலை 20-ல், அவருடைய ஆட்கள் வெள்ளிக்கட்டிக் குவியலைக் கண்டார்கள்.

அந்தக் கப்பலின் சரக்குப் பட்டியல் செவில் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 24 டன் வெள்ளி, 125 தங்கக்கட்டிகள், 1,80,000 வெள்ளிக்காசுகள் என்று அதில் எழுதியிருந்ததைத்தான் உலகம் தேடியது. அதே பட்டியலில் 350 பெட்டி அவுரிச் சாயமும் 525 பொதி புகையிலையும் இருந்தன. அவுரி விதைத்தவர், இலையை ஊறப்போட்டு அடித்துக் கட்டியாக்கியவர், புகையிலையைக் கட்டித் தூக்கியவர் என்று ஆயிரக்கணக்கானவர்களின் ஒரு வருஷத்துப் பாடு அது. வெதுவெதுப்பான அந்தக் கடலில் அத்தனையும் கரைந்துபோனது.

ஸ்பானியக் கப்பல்களில் எங்கள் ஊர்த் தொழிலின் சரக்கான தோலும் போனது என்று தெரிந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் கொண்டுபோய் விட்ட மாடுகள் பெருகி, தோல் பெரிய ஏற்றுமதியானது. 1587-ஆம் ஆண்டுக் கப்பல் வரிசையில் சாந்தோ தொமிங்கோவிலிருந்து 35,444 தோல்களும், இன்றைய மெக்சிகோவான புதிய ஸ்பெயினிலிருந்து 64,350 தோல்களும் போனதாக ஹோசே தே அகோஸ்தா என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். ஒரே வரிசையில் ஏறக்குறைய ஒரு லட்சம் தோல்! ஆனால் புதையல் வேட்டைக்காரர்களின் கண்காட்சிக் கூடத்தில் இரட்டைவடத் தங்கச் சங்கிலி இருக்கும், மரகதம் இருக்கும், தோல் இருக்காது.

காரணம் ஆம்பூரில் பிறந்த யாருக்கும் சொல்லாமலே தெரியும். பச்சைத்தோல் பொறுக்காது. உப்புத் தடவாமல் ஒரு பகல் கிடந்தாலே நாற்றம் எடுக்கும், மயிர் கழலும். உப்பும் காய்ச்சலும் பதனிடும் வரைக்கும் தாங்க வைக்கிற ஏற்பாடுதான். தண்ணீர் பட்டால் தோல் பழையபடி தசையாகிவிடும். தசையைக் கடல் விட்டுவைக்காது.

தேடிய முறையும் ஒரு காரணம். கப்பலின் விசிறி தள்ளும் தண்ணீரைப் பெரிய வளைந்த குழாய்கள் வழியே கீழ்நோக்கித் திருப்பி, மணலில் பள்ளம் பறிப்பது ஃபிஷரின் வழி. பத்திருபது நிமிஷத்தில் பெரும் குழி விழும். வெள்ளிக்கட்டி கனம், அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். பக்கத்தில் மரத்துண்டோ, கயிறோ, செருப்புவாரோ இருந்திருந்தால் அது எந்த இடத்தில், எதன் மேல் இருந்தது என்பது அந்த வேகத்தில் போய்விடும். ஃபிஷர் 1970-களில் டங்கன் மேத்யூசன் என்ற தொல்லியலாளரைச் சேர்த்துக்கொண்டு பதிவுகள் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் காசுக்காகத் தோண்டுகிற கைக்குக் காசுதான் முதலில் தட்டுப்படும்.

சேற்றில் ஒரு மணி

இப்போது பாய்க்கு நான் சொன்ன கப்பல். பெயர் ‘மெட்டா கத்தரீனா’. ஃபிளென்ஸ்பர்க் ஊரைச் சேர்ந்தது. அன்றைக்கு அந்த ஊர் டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. பெருங்கப்பல் இல்லை, 53 டன் கொண்ட இரட்டைப் பாய்மரக் கப்பல். 1786-ல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சணலும் பதனிட்ட தோலும் ஏற்றிக்கொண்டு இத்தாலியின் ஜெனோவாவுக்குப் புறப்பட்டது. ஆங்கிலக் கால்வாயில் புயல். பிளிமத் துறைக்குள் ஒதுங்கி நங்கூரம் பாய்ச்சினார்கள். டிசம்பர் 10 இரவு காற்று திசை மாறி, நங்கூரம் இழுபட்டு, டிரேக் தீவருகே கப்பல் முழுகிப்போனது. கேப்டன் ஹான்ஸ் யென்சன் ட்வெட்டும் மாலுமிகளும் பிழைத்துக்கொண்டார்கள்.

1973-ல் பிளிமத்தின் முக்குளிப்போர் சங்கத்தினர் வேறொரு கப்பலைத் தேடிக் கீழே போனார்கள். கண்ணில் பட்டது ஒரு வெண்கல மணி. துடைத்துப் பார்த்தால் கப்பலின் பெயரும், 1782 என்ற ஆண்டும். சுமார் 30 மீட்டர் ஆழம், கறுத்த சேறு, கலங்கினால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கையே தெரியாத இருட்டு. அந்தச் சேற்றைத் தடவித் தடவித் தோண்டியபோது சுருட்டிக் கட்டிய தோல் கட்டுகள் தட்டுப்பட்டன. கட்டின் மேல் தோல்கள் வீணாகியிருந்தன. உள்ளே விரித்தால் தோல், தோலாகவே இருந்தது. கழுவி, மெதுவாக உலர்த்தி, எண்ணெய் ஏற்றியபோது மணமும் திரும்பியது.

இனி பாயின் கேள்விக்கு வருகிறேன். அது ரஷ்யத் தோல் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய சரக்கு. கலைமான் தோல். வில்லோ மரப்பட்டையில் ஊறப்போட்டது. நம் ஓடைக்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை அந்த மரத்துக்கு உறவு. பட்டையில் பழுத்த பிறகு, பிர்ச் மரப்பட்டையிலிருந்து வடித்த எண்ணெயைப் பின்பக்கம் தேய்த்து ஏற்றுவார்கள். அந்தப் புகைமணத்துக்குப் பூச்சி அண்டாது. தண்ணீர் எளிதில் இறங்காது. மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் அழுத்தி, சிறு சிறு கட்டங்களாக முகம் எழுப்புவார்கள். புத்தகக் கட்டுக்கும் பெட்டிக்கும் பூட்ஸுக்கும் ஐரோப்பாவே அதை விரும்பி வாங்கியது. செய்முறையின் நுணுக்கம் கைவிட்டுக் கை மாறி வந்தது. 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அந்தக் கைகள் சிதறி, தொழில் நின்றுபோனது.

அப்படியானால் பிளிமத் சேற்றில் கிடந்தது செத்துப்போன ஒரு தொழிலின் முழு மாதிரி. எந்த அருங்காட்சியகமும் அவ்வளவு சேர்த்து வைத்ததில்லை.

பட்டை செய்த காவல்

இருநூறு ஆண்டு எப்படித் தாங்கியது? சேறு பாதி காரணம். காற்று புகாத சேற்றில் அழுக வைக்கும் கிருமிகளுக்கு வேலை குறைவு. மீதிக் காரணம் தொட்டியில் நடந்தது. பட்டையிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து, தோலின் நார்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் இடுக்குகளை நிரப்புகிறது. பிறகு கிருமிக்கு அது உணவாகத் தெரிவதில்லை. ஆனால் சத்து நடுநரம்பு வரைக்கும் இறங்கியிருக்க வேண்டும். பாய் கத்தியால் வெட்டிக் காட்டினாரே அந்த வெள்ளைக் கோடு, அது மிச்சமிருந்த தோல் எதுவும் பிளிமத்தில் பிழைத்திருக்காது. பெயர் தெரியாத ஒரு ரஷ்யத் தொழிலாளி அவசரப்படாமல் வெட்டிப் பார்த்து, கோடு மறைந்த பிறகே தோலைத் தொட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். வெள்ளி யார் எப்படிப் போட்டாலும் வெள்ளிதான். தோல் மிஞ்சுவதும் மிஞ்சாததும் பதனிட்டவர் கையில்.

எங்கள் பக்கத்துக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காயில் முடிந்து, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தோல், லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்’ என்ற பெயரில் விற்றது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது அதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையில் தொழில் வேரூன்றியதற்குப் பின்னால் அந்தப் பட்டை இருக்கிறது. இன்று அந்த ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பிறகு குரோம் வந்தது. வாரக்கணக்கில் ஆகும் வேலை நாள்கணக்கில் முடிந்தது. பாலாறு அதற்கு விலை கொடுத்தது. பட்டைத் தொட்டிகள் ஒவ்வொன்றாக மண் மூடிக்கொண்டிருக்கின்றன. பாயின் கத்தி அறிந்ததை எழுதி வைக்காவிட்டால், ரஷ்யத் தோலுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். அப்போது அதைத் திரும்பக் கற்றுக்கொள்ள நமக்கென்று ஒரு கப்பல் சேற்றில் காத்திருக்காது.

மெட்டா கத்தரீனா விஷயத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அதன் உரிமை கார்ன்வால் கோமகன் என்ற முறையில் அன்றைய இளவரசர் சார்லஸைச் சேர்ந்தது. அவர் விட்டுக்கொடுக்க, முக்குளிப்போர் தோலை விற்றே அகழாய்வுச் செலவைப் பார்த்தார்கள். லண்டனின் பெயர்பெற்ற ஷூ கடைகள் அதில் காலணி தைத்தன. கப்பல் சரக்கை வியாபாரம் செய்யக்கூடாது என்பது 2001-ல் யுனெஸ்கோ கொண்டுவந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. அது சரியான நெறி என்றே நான் நம்புகிறேன். காலில் தேய்ந்துபோன ஒவ்வொரு ஜோடியும் இனி யாரும் படிக்க முடியாத ஒரு பக்கம். ஆனாலும் வார இறுதிகளில் தங்கள் உழைப்பைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் அந்த இருட்டுக்குள் இறங்கி, குடமும் கயிறும் மாலுமியின் சில்லறைச் சாமானும் விடாமல் குறித்து வைத்தவர்களை, விசிறி வைத்து மணல் பறித்தவர்களோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் கரையில்

பொன்னைத் தாண்டிப் பார்க்கும் கண் நமக்கும் வேண்டும். பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஒரு கப்பலின் சிதைவைக் கண்டார்கள். கிடைத்தவை ஈயக்கட்டிகள். புதையல் என்று நினைத்துப் போனவன் காறித் துப்பிவிட்டு வருவான். ஆனால் அந்தக் கட்டிகளில் ‘பிளாக்கெட்’ என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் வார்த்திருந்தன. வட இங்கிலாந்தின் ஈயச் சுரங்கக் குடும்பத்துப் பெயர் அது. அந்த ஒரு முத்திரையால் கப்பலின் காலமும் சரக்கின் ஊரும் தெரிந்துபோயின. ஒருவர் அதைத் தூக்கி எடைக்குப் போட்டு உருக்கியிருந்தால் மிஞ்சுவது ஈயத்தின் விலை மட்டும்.

வலை எங்கே சிக்கும், எங்கே கிழியும் என்று நம் மீனவர்களுக்கு மனப்பாடம். கடலடியின் வரைபடம் முதலில் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்து, கிடைத்ததற்கு உரிய மரியாதையும் கொடுத்தால், திருட்டுக்கு வழியே இருக்காது. கிடைத்தது யாருக்கு என்ற கேள்வியும் இதோடு வரும். அட்டோச்சாவைவிடப் பெரிய புதையல் என்று பேசப்படும் சான் ஹோசே கப்பலின் வெள்ளிக்கு, கொலம்பியாவும் ஸ்பெயினும் ஒரு அமெரிக்க நிறுவனமும் அடித்துக்கொள்வதைப் படித்திருப்பீர்கள். பொலிவியாவின் காரா காரா பழங்குடி மக்களும் ஒரு குரல் கொடுத்திருக்கிறார்கள்: பொத்தோசி மலைக்குள் இறங்கி அந்த வெள்ளியை வெட்டியவர்கள் எங்கள் முன்னோர்கள் என்று. அந்தக் குரல் எனக்குப் பாயின் குரல் போலவே கேட்கிறது. சரக்கைக் கண்டால், செய்த கையைக் கேட்கும் குரல்.

வில்லோ, பிர்ச் எண்ணெய் என்று நான் சொன்னதை பாய் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “எண்ணெய பின்பக்கம் ஏத்துனானா? அப்ப தோல் பாதி ஈரத்துல இருந்திருக்கணும். காஞ்ச தோல் குடிக்காது” என்றார். நான் படித்த எதிலும் அந்த வரியை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. பிறகு எழுந்து போய், வெட்டிக் காட்டிய தோலை மடிப்பில்லாமல் நீவி, தொட்டிக்குள் மறுபடி இறக்கினார். பட்டைத் தண்ணீர் அதன்மேல் மெல்ல மூடிக்கொண்டது.

அடுத்த வாரம்: 1961-ல் இலங்கையின் தென்கிழக்கே, கிரேட் பாஸஸ் பாறைத்திட்டில் மைக் வில்சனும் இரண்டு பையன்களும் கண்ட வெள்ளி. சூரத்தில் அச்சடித்த ஔரங்கசீப் காசுகள், பை மக்கிப்போன பிறகும் பையின் உருவிலேயே இறுகிக் கிடந்த கதை.

(தேடல் தொடரும்)