ஒரு குழாய், ஒன்பது குடித்தனம்

நமக்கு வட்டாரம் என்றால் ஊர்ப்பகுதி. பெங்களூர்க் கன்னடத்தில் ‘வட்டாரா’ என்றால் ஒரே கேட்டுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகள். சென்னையில் ஸ்டோர் வீடு, ஒண்டுக்குடித்தனம் என்பார்களே, அதேதான். மல்லேஸ்வரம், பசவனகுடி, ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய சந்துகளில் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. முன்னால் வீட்டுக்காரர் வீடு, நீளமாக ஒரு நடை, ஓரமாக ஓரறை, ஈரறைக் குடித்தனங்கள், கடைசியில் பொதுக் கக்கூஸ், தண்ணீர்க் குழாய்.

பெங்களூருக்கு 1896இல் ஹெசரகட்டா ஏரித் தண்ணீர் வந்தது. 1974இல் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து காவிரி வந்தது. எது வந்தாலும் வட்டாராவுக்கு ஒரே குழாய்தான். தண்ணீர் விடும் நேரத்துக்கு முன்பே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆள் நிற்க வேண்டாம், குடம் இருந்தால் போதும். நெளிந்த பித்தளை, வாய் உடைந்த பச்சை பிளாஸ்டிக் என்று எது யாருடையது எனக் குழந்தைகளுக்கும் அத்துப்படி. ஒரு குடம் அரையடி முன்னால் நகர்ந்தால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை வெடிக்கும். மறுநாள் அந்த வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் என்றால், அவர் குடத்தை நிரப்பி வாசலில் வைப்பதும் சண்டை போட்டவர்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கச் சங்கராந்தி வரும். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த ‘எள்ளு பெல்லா’வோடு சர்க்கரை அச்சும் கரும்புத் துண்டும் தட்டில் வைத்துப் பெண் குழந்தைகள் வீடு வீடாகப் போவார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதாகப் பேசு என்பது கன்னட வழக்கு. பேசாமல் இருந்த வீட்டுக்கும் தட்டு போயாக வேண்டும்.

நைஜீரியாவின் லாகோஸிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. நடையின் இரு பக்கமும் கதவுகள் எதிரெதிரே பார்ப்பதால், ‘என்னைப் பார், உன்னைப் பார்க்கிறேன்’ என்றே அவற்றுக்குப் பெயர். சமையலறை, குளியலறை அங்கேயும் பொதுதான். அங்கேயும் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை மறைக்க முடியாது.

இதில் புனிதம் ஒன்றும் இல்லை. விடிகாலைக் கக்கூஸ் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வாழ்க்கையைத் திரும்பக் கேட்கத் தோன்றாது. குழாய் வீட்டுக்குள் வந்தது நல்லதே. ஆனால் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் கட்டாயம் அதோடு போய்விட்டது.

2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, அடுக்குமாடிகளும் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தன. சண்டைக்கு அங்கே வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காய்ச்சல்காரருக்கு நிரப்பி வைக்கலாம் என்றால்தான், யார் குடம் எது என்று தெரிவதில்லை.